கேட்பதா, விடுவதா?

கோத்தா கோலா மூடாவில் மீன் வாங்குவதற்குக் குரல் தேவையில்லை. காது போதும்.

பள்ளி விடுமுறை நாட்களில் அப்பா என்னை மோட்டார் சைக்கிளின் பின்னால் உட்கார வைத்து அங்கே கூட்டிப் போவார். அவர் தோட்டம் தோட்டமாகப் போய் மீன் விற்பவர். சுங்கைப்பட்டாணியைச் சுற்றியிருந்த லயங்களில் அவருடைய ஹாரன் சத்தம் தெரியாத வீடு கிடையாது. மூடா ஆறு கடலில் கலக்கும் அந்தக் கரையில்தான் 'பாசார் பிசிக்' நடக்கும். பிசிக் என்றால் மலாயில் கிசுகிசுப்பது. படகுகள் கரைக்கு வந்ததும் மீனைக் குவித்து வைப்பார்கள். வாங்க வந்தவர்கள் ஒவ்வொருவராக விற்பவரின் காதருகே குனிந்து தங்கள் விலையைச் சொல்வார்கள். அடுத்தவர் என்ன கேட்டார் என்று யாருக்கும் தெரியாது. அதிக விலை கேட்டவருக்கு மீன்.

அப்பா குனிந்து நிமிர்வதற்கு மூன்று விநாடிகூட ஆகாது. அந்த மூன்று விநாடியில் எங்கள் வீட்டின் அன்றைய வரவு செலவு முடிவாகிவிடும். குறைவாகக் கேட்டால் பெட்டி காலியாக வீடு திரும்ப வேண்டும். கூடுதலாகக் கேட்டால் பெட்டி நிறையும், ஆனால் விற்று முடிக்கும்போது எண்ணெய்க் காசுகூட மிஞ்சாது. கெம்போங் மீன் மறுநாள் வரை காத்திருக்காது.

"என்னப்பா சொன்னீங்க?" என்று கேட்பேன்.

"வீட்டுக்குப் போய்ச் சொல்றேன்" என்பார். சொன்னதே இல்லை.

வானொலியில் பேசிப் பிழைக்கிறவள் நான். ஊடகத்துறையில் பட்டம் வாங்கி, பேச்சையே தொழிலாக்கிக்கொண்டவள். பேசாமல் கேட்கும் அந்தக் கலையை நான் சீட்டாட்டத்தில்தான் புரிந்துகொண்டேன். சீட்டு என்றதும் முகம் சுளிக்காதீர்கள். எங்கள் அம்மாவும் சுளிப்பார். சம்பள நாளில் லயத்துக்குப் பின்னால் விரித்த கோணிப்பையில் எத்தனை குடும்பங்களின் அரிசிப் பணம் போனது என்று பார்த்தவர் அவர். அந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது. நான் சொல்லப்போவது காசு வைக்காத சீட்டாட்டத்தைப் பற்றி.

பாதி கையோடு ஒரு கேள்வி

எங்கள் தோட்டத்தில் ஓய்வு பெற்ற கிராணி ஒருவர் இருந்தார். அவருடைய அப்பா யாழ்ப்பாணத்திலிருந்து மலாயாவுக்குக் கணக்கெழுத வந்தவர். எங்களுக்கு அவர் கிராணி தாத்தா. சாயங்காலமானால் அவர் வீட்டு வாசலில் நான்கு நாற்காலி போட்டு '304' ஆடுவார்கள். ஒரு நாள் நாலாவது ஆள் வரவில்லை. பன்னிரண்டு வயதுப் பிள்ளையான என்னை உட்கார வைத்தார்கள். அன்று முதல் நான்தான் நாலாம் கை.

யாழ்ப்பாணத் தமிழர் உலகெங்கும் கொண்டுபோன ஆட்டம் இது. 32 சீட்டு. ஜாக்கிக்கு 30, ஒன்பதுக்கு 20, ஏஸுக்கு 11, பத்துக்கு 10, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2. எட்டுக்கும் ஏழுக்கும் ஒன்றுமில்லை. ஒரு ஜாதிக்கு 76. நான்கு ஜாதிக்கும் சேர்த்து 304. எதிரெதிரே உட்காருகிறவர்கள் ஒரே கட்சி.

இதில் அழகு எங்கே என்றால், ஆளுக்கு எட்டுச் சீட்டு என்றாலும் முதலில் நான்குதான் கொடுப்பார்கள். அந்த நான்கைப் பார்த்தே கேட்க வேண்டும். குறைந்தது 160. மொத்தத்தில் பாதி 152 என்பதால், வாயைத் திறந்தாலே பாதிக்கு மேல் எடுத்துக் காட்டுகிறேன் என்று வாக்குக் கொடுத்ததாக அர்த்தம். அதிகம் கேட்டவர் தன் கையிலுள்ள ஒரு சீட்டைக் கவிழ்த்து வைப்பார். அதுதான் துரும்பு. அதன் பிறகே மீதி நான்கு சீட்டு வரும்.

ஒருமுறை ஜாக்கி, ஒன்பது, ஏஸ் என்று ஒரே ஜாதியில் மூன்று வந்தன. 61 புள்ளி கையிலேயே இருக்கிறது என்ற குஷியில் கண்டபடி ஏற்றிக் கேட்டேன். வந்த மீதி நான்கும் எட்டும் ஏழுமாக இருந்தன. தோற்றோம். எனக்கு அழுகை வந்துவிட்டது.

"பிள்ளை, கேக்கிறதுக்கு முந்தி யோசி. கேட்டாப் பிறகு அழாத" என்றார் கிராணி தாத்தா. "நீ கேட்டது உன்ர கையை மட்டும் பாத்து. எதிரில இருக்கிறவனுக்கும் நாலு சீட்டு இருக்கெண்டு மறந்து போனாய்."

38 சொற்களில் ஒரு பேச்சு

பல்கலைக்கழகத்தில் என் அறைத்தோழி சீனப் பெண். அவளும் அவள் நண்பர்களும் 'ஃபுளோட்டிங் பிரிட்ஜ்' ஆடுவார்கள். நம் நாட்டிலும் சிங்கப்பூரிலும் மாணவர்களிடையே பிரபலமான ஆட்டம். ஏலத்தில் வென்றவர் ஒரு சீட்டின் பெயரைச் சொல்வார். அது யார் கையில் இருக்கிறதோ அவரே கூட்டாளி. அந்தச் சீட்டு மேசைக்கு வரும்வரை யார் நண்பர், யார் எதிரி என்று தெரியாது. 304 பழகிய எனக்கு இது சுலபமாக வந்தது. அங்கிருந்து கான்ட்ராக்ட் பிரிட்ஜுக்குப் போனேன். போனவள் இன்னும் திரும்பவில்லை.

கான்ட்ராக்ட் பிரிட்ஜ் இன்றைய வடிவத்தைப் பெற்று நூறு ஆண்டு ஆகிறது. 1925-இல் அமெரிக்கச் செல்வந்தர் ஹரால்ட் வாண்டர்பில்ட், பனாமா கால்வாய் வழியாகச் சென்ற கப்பல் பயணத்தில் நண்பர்களோடு ஆடிப் பார்த்து அதன் புள்ளிக் கணக்கை வகுத்தார். சீனத் தலைவர் டெங் சியாவ்பிங் இதற்கு அடிமை. வாரன் பஃபெட்டும் பில் கேட்ஸும் ஆடுகிறார்கள். 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டியில் முதன்முறையாகப் பதக்க ஆட்டமானது. ஆடவர் இரட்டையர் தங்கத்தை வென்ற இந்தியர்கள் பிரணாப் பர்தனுக்கு வயது 60, சிப்நாத் சர்க்காருக்கு 56. பிலிப்பைன்ஸுக்காக ஆடிய கோங் தே யாங்குக்கு 85. நம் நாட்டின் லீ ஹங் ஃபோங்குக்கு 81. வேறு எந்த விளையாட்டில் இப்படி நடக்கும்?

ஆளுக்கு 13 சீட்டு. ஒருவருக்கு வரக்கூடிய கைகளின் எண்ணிக்கை 63,501 கோடிக்கும் மேல். அந்தக் கையை எதிரிலிருக்கும் கூட்டாளிக்கு எப்படிச் சொல்வது? ஒன்று முதல் ஏழு வரையிலான எண்கள், நான்கு ஜாதி, துரும்பில்லாத ஆட்டம் என்று சேர்த்து 35 கேள்விகள். பாஸ், டபுள், ரீடபுள் என்று இன்னும் மூன்று. மொத்தமே 38 சொற்கள்தான். ஒருமுறை மேலே போனால் கீழே இறங்க முடியாது. போதாததற்கு, நீங்கள் பேசுவதை எதிராளிகளும் கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

முதல் பாடம் எளிது. ஏஸ் 4, ராஜா 3, ராணி 2, ஜாக்கி 1. சீட்டுக்கட்டில் மொத்தம் 40. இரண்டு கூட்டாளிகளிடமும் சேர்த்து 25, 26 இருந்தால் 'கேம்' எனப்படும் பெரிய பரிசுக்குக் கேட்கலாம். ஸ்பேட் துரும்பு என்றால் 10 பிடி எடுக்க வேண்டும். 33 இருந்தால் 12 பிடி. இதைப் பத்து நிமிடத்தில் கற்றுக்கொள்ளலாம்.

கஷ்டம் 24-இல்தான் ஆரம்பிக்கிறது. இருக்கிறது மாதிரியும் இருக்கும், இல்லாத மாதிரியும் இருக்கும். கேட்பதா, விடுவதா?

தைரியத்துக்கும் கணக்கு உண்டு

துணிந்தவனுக்குத் துக்கமில்லை என்று சொல்வோம். பிரிட்ஜ் அந்தத் துணிச்சலுக்கு ஓர் எண் கொடுக்கிறது.

அணிகள் மோதும் போட்டியில் ஒரே சீட்டுகள் இரண்டு மேசைகளிலும் ஆடப்படும். உங்கள் கை மோசம் என்று புலம்ப வழியில்லை, அதே கை அடுத்த மேசையிலும் ஒருவரிடம் இருக்கிறது. 'வல்னரபிள்' என்றொரு நிலை உண்டு. அந்த நிலையில் வென்றால் பரிசு கூடுதல், தோற்றால் அபராதமும் கூடுதல். அப்போது 4 ஸ்பேட் கேட்டு ஜெயித்தால் 620. பயந்து 3-இல் நின்று அதே 10 பிடி எடுத்தால் 170 மட்டும். வித்தியாசம் 450, போட்டி அளவையில் 10 புள்ளி. மாறாக, 9 பிடிதான் வரும் கையில் 4 கேட்டு ஒரு பிடியில் தோற்றால் 100 போகும். 3-இல் நின்றிருந்தால் 140 வந்திருக்கும். வித்தியாசம் 240, அளவையில் 6 புள்ளி.

ஆக 10 வரவு, 6 செலவு. 16-இல் 6 என்றால் 37.5 விழுக்காடு. ஜெயிக்கும் வாய்ப்பு அதற்கு மேல் இருந்தால் கேட்டுவிட வேண்டும். பத்தில் ஆறு முறை தோற்றாலும் லாபம்தான்! வல்னரபிள் இல்லாதபோது பரிசு சிறியது. அதனால் வாய்ப்பு 45 விழுக்காட்டுக்கு மேல் இருக்க வேண்டும்.

எனக்கு இது பெரிய அதிர்ச்சியாக இருந்தது. ஆபத்து கூடுதலாக இருக்கும்போது அடக்கி வாசிக்க வேண்டும் என்றுதான் நாம் வளர்க்கப்பட்டோம். கணக்கோ, பரிசு எவ்வளவு, அபராதம் எவ்வளவு, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார் என்கிறது. பயம் இந்த இரண்டில் ஒன்றைத்தான் பார்க்கும். ஆசை மற்றொன்றைத்தான் பார்க்கும்.

இன்னும் கஷ்டமானது எதிராளிகளும் போட்டிக்கு வரும் நேரம். நாம் ஸ்பேட் கேட்கிறோம், அவர்கள் ஆர்ட்டின் கேட்கிறார்கள், ஏறிக்கொண்டே போகிறது. எங்கே நிற்பது? 1969-இல் பிரெஞ்சுக்காரர் ழான்-ரெனே வெர்ன் ஒரு விதியை எழுதினார். 1992-இல் அமெரிக்கர் லாரி கோஹன் அதைப் புத்தகமாக்கிப் பிரபலப்படுத்தினார். சுருக்கம் இதுதான்: உங்கள் இருவரிடமும் சேர்த்து எத்தனை துரும்பு இருக்கிறதோ, அத்தனை பிடி வரை போகலாம். எட்டு இருந்தால் எட்டு, ஒன்பது இருந்தால் ஒன்பது. எல்லாக் கைக்கும் சரியாக வராது. ஆனாலும் சூடு ஏறியிருக்கும்போது பிடித்துக்கொள்ள ஒரு கம்பி கிடைக்கும்.

சில நேரம் தோற்பதற்கென்றே கேட்க வேண்டியும் வரும். எதிராளி 4 ஆர்ட்டினில் 620 எடுக்கப்போகிறார் என்று தெரிகிறது. நாம் வல்னரபிள் இல்லை. 4 ஸ்பேட் கேட்டு, அவர் டபுள் சொல்லி, இரண்டு பிடியில் தோற்றாலும் போவது 300. மிச்சம் 320. மாலையானதும் மிஞ்சிய மீனை அப்பா பாதி விலைக்குக் கொடுத்துவிட்டு வந்ததும் இந்தக் கணக்குதான். அவர் புத்தகம் படித்ததில்லை.

குரல் காட்டிக்கொடுக்கும்

பிரிட்ஜில் என்னைக் கவர்ந்த இன்னொரு விஷயம் அதன் மௌனம். வாயால் ஏலம் கேட்டால் குரலின் ஏற்ற இறக்கமே கூட்டாளிக்குச் செய்தி சொல்லிவிடும். உற்சாகமான 'மூன்று ஸ்பேட்' வேறு, இழுத்துச் சொல்லும் 'மூன்று ஸ்பேட்' வேறு. அதனால் போட்டிகளில் அட்டைகளை எடுத்து வைத்தே கேட்கிறார்கள். பெரிய போட்டிகளில் மேசைக்குக் குறுக்கே தடுப்புப் பலகை வைத்து, கூட்டாளியின் முகமே தெரியாமல் செய்வார்கள். 1975 உலகப் போட்டியில் அந்தப் பலகை வந்தபோது, இரண்டு இத்தாலிய ஆட்டக்காரர்கள் மேசைக்கடியில் காலால் சமிக்ஞை செய்தார்கள் என்ற விவகாரம் வெடித்தது. அதன் பிறகு கீழேயும் அடைத்தார்கள்.

யோசித்தால் பாசார் பிசிக்கும் அதே வேலையைத்தான் செய்கிறது. கூச்சல் போட்டு ஏலம் விட்டால், மீனின் மதிப்பை விட்டுவிட்டுப் பக்கத்தில் நிற்பவனோடு போட்டி போடுவோம். அவன் 200 என்றால் ரோஷத்தில் 210. காதில் சொல்லும்போது ரோஷத்துக்கு இடமில்லை. இந்தக் குவியல் எனக்கு எவ்வளவு பெறும் என்ற ஒரே கேள்விதான் மிச்சம்.

அதிலும் ஒரு கண்ணி உண்டு. பத்துப் பேர் ஒரே குவியலை மதிப்பிடும்போது வெல்பவர் யார்? பெரும்பாலும், மிக அதிகமாக மதிப்பிட்டுத் தப்பு செய்தவர். 1971-இல் அமெரிக்க எண்ணெய் நிறுவனமொன்றின் பொறியாளர்கள் மூவர், கடலடி எண்ணெய் வயல்களை ஏலத்தில் எடுத்த நிறுவனங்கள் எதிர்பார்த்த லாபத்தைக் காணாததன் காரணத்தை ஆராய்ந்து இதை எழுதினார்கள். இன்று பொருளாதாரத்தில் இதை 'வென்றவனின் சாபம்' என்கிறார்கள். வென்றதே ஒரு எச்சரிக்கை.

120 நாள்

இதெல்லாம் சீட்டோடு நின்றிருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன்.

சென்ற ஆண்டு சுங்கைப்பட்டாணியில் ஒரு மாடி வீடு லேலோங்குக்கு வந்தது. வங்கி ஏலம். என் அப்பா அம்மா இருக்கும் வாடகை வீட்டிலிருந்து ஐந்து நிமிடம். அம்மாவுக்கு மூட்டு வலி. அப்பா மோட்டாரை நிறுத்திவிட்டார். அவர்களோடு ஒரே வீட்டில் இருக்க வேண்டும் என்பது என் பத்து வருட ஆசை. ஆரம்ப விலை 1,50,000 வெள்ளி. 15,000-க்கு வங்கி டிராஃப்ட் எடுத்துக்கொண்டு போக வேண்டும். வென்றால் மீதியை 120 நாளுக்குள் கட்ட வேண்டும். கடன் கிடைக்காவிட்டால் கட்டிய பணம் போனது போனதுதான். வீட்டுக்குள் போய்ப் பார்க்க முடியாது. கேட்டுக்கு வெளியே நின்று, கூரையையும் ஜன்னலையும் பார்த்து முடிவு செய்ய வேண்டும்.

கிராணி தாத்தாவின் வாசல்தான் நினைவுக்கு வந்தது. பாதி கையைப் பார்த்துக் கேட்கும் ஆட்டம்.

நானும் என் கணவரும் இரண்டு இரவு உட்கார்ந்து கணக்குப் போட்டோம். பழுது பார்க்க, வயரிங் மாற்ற, பாக்கி வரி கட்ட, வழக்கறிஞருக்கு என்று எல்லாவற்றையும் கழித்து 1,78,000 என்ற எண்ணுக்கு வந்தோம். அவர்தான் அட்டையைத் தூக்குவார், நான் பக்கத்தில் இருப்பேன் என்று பேச்சு.

ஏல அறையில் ஆறு பேர். 1,70,000-இல் நான்கு பேர் விலகினார்கள். பின்வரிசையில் ஒருவரும் நாங்களும் மட்டும். அவர் 1,77,000. என் கணவர் 1,78,000. அவர் 1,79,000.

என் கணவர் அட்டையை மடியில் வைத்துவிட்டார். எனக்கு வாய் துறுதுறுத்தது. 1,80,000 என்றால் என்ன குறைந்துவிடும்? இரண்டாயிரம்தானே? அம்மா மாடிப்படி ஏறாமல் இருக்கக் கீழே ஓர் அறை போதுமே? அவர் கையைப் பிடித்தேன். அவர் என்னைப் பார்த்தார், ஒன்றும் பேசவில்லை.

பிரிட்ஜில் நல்ல கூட்டாளிகள் கடைப்பிடிக்கும் ஒரு ஒழுக்கம் உண்டு. உன் கையை ஒருமுறை முழுதாகச் சொல்லிவிட்டால், அதே சீட்டுகளை வைத்து மறுபடி கேட்காதே. முடிவைக் கூட்டாளியிடம் விடு. அம்மாவின் மூட்டு வலி, என் ஆசை, தூரம் எல்லாவற்றையும் நான் முன்பே சொல்லியிருந்தேன். அவற்றையும் சேர்த்துத்தான் 1,78,000. அறைக்குள் வந்த பிறகு புதிதாக எனக்குத் தெரியவந்தது ஒன்றே ஒன்று: பின்வரிசையில் இருப்பவருக்கும் அந்த வீடு வேண்டும். அது வீட்டின் மதிப்பை ஒரு வெள்ளிகூட ஏற்றவில்லை.

கையை எடுத்துக்கொண்டேன். சுத்தியல் விழுந்தது.

காரில் அழுதேன். கேட்டுத் தோற்றால் அழாதே என்றுதான் தாத்தா சொன்னார். கேட்காமல் விட்டதற்கு அவர் ஒன்றும் சொல்லி வைக்கவில்லை.

நாங்கள் செய்தது சரியா? இன்றும் தெரியாது. அந்த வீட்டை வாங்கியவர் பச்சை பெயின்ட் அடித்து, வாசலில் துளசி வைத்திருக்கிறார். உள்ளே கரையான் இருந்ததா, மார்பிள் இருந்ததா என்று நான் விசாரிக்கவில்லை. பிரிட்ஜில் நல்ல கேள்வி வேறு, ஜெயித்த கேள்வி வேறு. 37.5 விழுக்காட்டுக்கு மேல் என்று கேட்டு ஆறு முறை தோற்றவர் தப்பு செய்யவில்லை. கண்ணை மூடிக் கேட்டு ஒருமுறை ஜெயித்தவர் சரி செய்யவுமில்லை. அன்று தெரிந்ததை வைத்து அன்று எடுத்த முடிவைத்தான் எடை போட முடியும்.

அன்று சாயங்காலம் அப்பா வீட்டுக்குப் போனோம். நடந்ததைச் சொன்னேன். அம்மா, "சீட்டு ஆடுற புத்தி" என்று ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். அப்பா வெகுநேரம் பேசவில்லை. பிறகு கேட்டேன்.

"பாசார்ல அந்தக் காதுல என்னதான்பா சொல்லுவீங்க?"

"என்னத்தச் சொல்றது? காலையில வீட்ட விட்டுக் கெளம்பறப்ப ஒரு விலை மனசுல இருக்கும். அதைத்தான் சொல்லுவேன். அங்க போய் மீனப் பாத்தா ஆசை வரும். அதனால அங்க யோசிக்கவே மாட்டேன்."

இருபது வருடம் கழித்துக் கிடைத்த பதில். அம்மா ரசம் சூடு பண்ண எழுந்து போனார். அப்பா அலமாரியிலிருந்து பழைய சீட்டுக்கட்டு ஒன்றை எடுத்து வந்து, இரண்டு முதல் ஆறு வரை பொறுக்கி ஓரமாக வைத்தார்.

"மூணு பேரு இருக்கோம்" என்றார். பிறகு சமையலறைப் பக்கம் திரும்பி, "இந்தா, இங்க வா. நாலாவது கை வேணும்" என்றார்.

அம்மா வந்து உட்கார்ந்தார். முதல் நான்கு சீட்டைப் பார்த்ததும் 160 கேட்டார். எங்கே கற்றுக்கொண்டார் என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை.